ஆவணம் கெட்டுக் கிடக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிமுறை

ஒரு திறமூல மென்பொருளின் பயனர் ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே யாராவது வந்து, "இந்த விக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்காகக் கையேடு எழுதலாமே" என்பார். கையேடு வைத்திருக்கும் திட்டமாக இருந்தால், "விக்கி வைத்தால் எல்லோரும் எழுதுவார்களே" என்பார். இரண்டுக்கும் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். கருவியை மாற்றினால் பெரும்பாலும் பழுதும் சேர்ந்தே குடிபெயரும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் அது அடிக்கடி வரும்.

"ஆவணத்தில் சொன்னபடியே செய்தேன், ஓடவில்லை"

புகார் வந்ததும் பக்கத்தைத் திறந்து திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் புகார் சொன்னவரிடம் இரண்டு கேள்வி: எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? அதே படிகளைச் சுத்தமான கன்டெய்னர் (கணினிக்குள் தனித்து ஓடும் புதுச் சூழல்) ஒன்றில் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மூன்றில் எந்த வகை என்று அப்போது தெரிந்துவிடும்.

முதல் வகை, பதிப்புப் பொருந்தாமை. பயனரிடம் இருப்பது அவருடைய லினக்ஸ் வழங்கல் (டெபியன், உபுண்டு மாதிரியானது) கொடுத்த இரண்டு வருடப் பழைய பதிப்பு. பக்கம் பேசுவதோ போன மாதம் மெர்ஜ் ஆன, அதாவது நிரலில் சேர்ந்த, வசதியைப் பற்றி. இருவர் மீதும் தப்பில்லை, ஆனால் பக்கம் எந்தப் பதிப்புக்கு என்று எங்கும் எழுதவில்லை. விக்கியில் இது கூடப்பிறந்த குறை. பழைய திருத்தங்கள் வரலாற்றில் இருந்தாலும், வாசகர் கண்ணில் படுவது கடைசியாக யாரோ சேமித்த வடிவம் ஒன்றுதான்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. அதனால் எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகள் புழக்கத்தில் இருக்கும். கையேடு நிரல் இருக்கும் அதே ரெப்போவில் (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைக்கும் களஞ்சியத்தில்) இருக்கிறது. நிரல் கிளை பிரியும்போது கையேடும் பிரிகிறது. தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே பக்கத்தின் மற்றப் பதிப்புகளுக்கு இணைப்பு உண்டு. அவர்களுக்கு விக்கியும் இருக்கிறது, ஆனால் சேவையகத்தின் ஒவ்வொரு அமைப்பும் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள யாரும் அங்கே போவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆர்ச் லினக்ஸ். அவர்கள் விக்கியைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஆவணக்காரர் இல்லை. ஆனால் ஆர்ச் என்பது இடைவிடாது புதுப்பிக்கப்படும் வழங்கல். ஆதரவில் இருப்பது எப்போதும் இன்றைய நிலை ஒன்றே. எனவே விக்கிக்குப் பதிப்பு தெரியாது என்ற குறை அங்கே குறையாகவே இல்லை. உங்கள் மென்பொருளுக்கு மூன்று பதிப்புகள் ஒரே நேரத்தில் ஆதரவில் இருக்கும்போது ஆர்ச்சைப் பார்த்து விக்கி வைத்தால், அவர்களுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாம் வகை, உங்கள் நிரல் அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டது. பைத்தானில் எழுதிய சிறு கருவி ஒன்றின் நிறுவல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே, சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) பைத்தானின் நிறுவியான பிப்பால் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பழைய வரி. 2023-ல் டெபியன் 12 வந்தபின், பெப் 668 என்ற பைத்தான் விதியின்படி அந்தக் கட்டளை "சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. உடனே ஒரு நல்ல மனிதர் விக்கியில் நுழைந்து, "பிழை வந்தால் கடைசியில் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் சேர்க்கவும்" என்று இரண்டாம் வரி எழுதுகிறார். அதன் பெயரிலேயே ("கணினியின் பொதிகளை உடை") எச்சரிக்கை இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. சில மாதம் கழித்து மூன்றாமவர் கொட்டை எழுத்தில், "மேலே உள்ளதைச் செய்யாதீர்கள்! வென்வ் உருவாக்குங்கள்" என்கிறார், அதாவது கருவிக்கென்று தனிச் சூழல். நான்காமவர், அந்தச் சூழலைத் தானே உருவாக்கும் பிப்எக்ஸ் இதைவிட எளிது என்று சேர்க்கிறார். வண்டல் மாதிரி படிந்துபோன இந்தப் பக்கத்தில் எதுவும் அழிக்கப்படவில்லை, ஏனென்றால் அடுத்தவர் எழுதியதை அழிப்பது மரியாதைக் குறைவு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். புதிதாக வருகிறவர் மேலிருந்துதான் படிப்பார். முதல் இரண்டு வரியைச் செய்து பார்த்துவிட்டு உங்களிடம் வருவார்.

இதற்கு மருந்து: பக்கத்தை ஒரே வழியாகச் சுருக்குங்கள். இன்று பரிந்துரைப்பது எதுவோ அது மட்டும் உடலில் இருக்கட்டும். பழைய வழிகளை ஏன் விட்டோம் என்ற விளக்கம் உரையாடல் பக்கத்துக்குப் போகட்டும். தலையில் ஒரு வார்ப்புரு (எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி வரும் பெட்டி) வையுங்கள்: எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும், எந்த இயங்குதளத்தில், எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தது. "கடைசியாகத் திருத்தப்பட்டது" என்று விக்கி தானாகக் காட்டும் தேதியை நம்பாதீர்கள். யாரோ ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் அது புதிதாகிவிடும்.

மூன்றாம் வகை, எழுதிய நாளிலிருந்தே ஓடாத எடுத்துக்காட்டு. நினைவிலிருந்து தட்டச்சு செய்தது. இதைக் கண்ணால் பிடிப்பது கடினம், இயந்திரத்திடம் விடுங்கள். பைத்தானில் டாக்டெஸ்ட் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட் போட்டால் நூலக ஆவணக் குறிப்புகளுக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகளும் சேர்ந்தே ஓடும். கட்டளை வரி வழிமுறைகளுக்கு, பக்கத்தில் உள்ள கட்டளைகளை உருவியெடுத்து ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். இதெல்லாம் ரெப்போவுக்குள் இருக்கும் ஆவணத்துக்கு எளிது, விக்கிக்குப் பெரும்பாடு.

இந்த மூன்றையும் வைத்து நான் எங்கே கோடு போடுவேன் என்று சொல்லிவிடுகிறேன். நிரல் மாறினால் மாற வேண்டியதெல்லாம் (கட்டளை விருப்பங்கள், அமைப்புக் கோப்பு, மெனு, பிழைச் செய்தி) நிரலோடு ஒரே ரெப்போவில் கையேடாக இருக்கட்டும். நிரல் மாறாமலே மாறக்கூடியது (குறிப்பிட்ட வழங்கலில் நிறுவுவது, இன்ன வன்பொருளோடு ஒத்துப்போவது, வேறொரு மென்பொருளோடு இணைப்பது, தற்காலிகச் சுற்றுவழிகள்) விக்கியில் இருக்கட்டும். எந்தக் கருவி சிறந்தது என்ற சண்டையில் பாதி இந்தப் பிரிவினையைச் செய்யாததால் வருவது.

புதிய வசதி வெளிவந்துவிட்டது, ஆவணத்தில் ஒரு வரி இல்லை

முதலில் பார்க்க வேண்டியது: ஆவணமும் நிரலும் ஒரே ரெப்போவிலா, தனித்தனியாகவா? தனி என்றால் தாமதம் அமைப்பிலேயே இருக்கிறது. படத் திருத்த மென்பொருளான கிம்ப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பயனர் கையேடு தனி ரெப்போ, தனி வெளியீடு. நிரல் ஒரு நாள் வரும், கையேடு தன் நேரத்துக்கு வரும். அத்தனை பெரிய, பல மொழிக் கையேட்டுக்கு அப்படிப் பிரித்து வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் முப்பது பக்க ஆவணம் வைத்திருக்கும் திட்டத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரே ரெப்போவில் இருந்தும் வரி வரவில்லை என்றால் கோளாறு பழக்கத்தில். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் கையேட்டுப் பக்கத்தில் உள்ள பிழையை நிரலில் உள்ள வழுவைப் போலவே நடத்துகிறார்கள். அந்த மனநிலையைக் கடன் வாங்க ஒரு குறுக்குவழி உண்டு: புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம்) வார்ப்புருவில் "பயனர் கண்ணுக்குத் தெரியும் மாற்றமா? ஆம் எனில் ஆவணக் கோப்பு எது?" என்று ஒரு கேள்வி சேருங்கள். பதில் வராமல் மெர்ஜ் செய்வதில்லை என்று பராமரிப்பாளர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் விதிவிலக்குக் கொடுத்தாலும் கதை முடிந்தது.

நிரலாளர் முழுப் பக்கம் எழுத வேண்டும் என்று கேட்காதீர்கள், எழுதமாட்டார். என்ன மாறியது, யாருக்குப் பயன், ஒரு எடுத்துக்காட்டு: மூன்று வரி வாங்கிக்கொண்டால் மீதியை ஆவணக்காரர் பார்த்துக்கொள்வார். விருப்பங்களின் பட்டியல் மாதிரியானவற்றைக் கையால் எழுதுவதையே நிறுத்துங்கள். நிரல் தரும் ஹெல்ப் வெளியீட்டிலிருந்து தானாக உருவாக்குங்கள். அப்படி உருவானதை மட்டும் வைத்துக்கொண்டு "எங்களிடம் ஆவணம் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது வேறு வியாதி. ஒவ்வொரு விருப்பத்துக்கும் விளக்கம் இருக்கும், எதில் தொடங்குவது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கையேடு இருக்கிறது, ஆனால் யாரும் திருத்தம் அனுப்புவதில்லை

இந்த அறிகுறியைப் பார்த்துத்தான் பல திட்டங்கள் விக்கிக்குத் தாவுகின்றன. தாவுவதற்கு முன் வெளியாள் ஒருவராக நடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை. அதைத் திருத்த எத்தனை படி? கணக்கு திறந்து, ஃபோர்க் (தனிப் பிரதி) எடுத்து, கிளை போட்டு, ஆவணத்தைக் கட்டும் கருவியான ஸ்பிங்ஸை நிறுவி, பில்ட் செய்து, கமிட் செய்தி விதிகளைப் படித்து... பாதி வழியிலேயே "யாராவது திருத்திக்கொள்ளட்டும்" என்று போய்விடுவார்.

ஒவ்வொரு பக்கத்திலும் "இந்தப் பக்கத்தைத் திருத்து" என்ற இணைப்பு வைத்து, அது நேராக அந்தக் கோப்பின் உலாவித் திருத்தியில் திறக்கும்படி செய்யுங்கள். பில்ட் வேலையைச் சேவையகம் செய்யட்டும். அனுப்பிய திருத்தம் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டமும் தானாக வரட்டும். ஆவணங்களைக் கட்டி வெளியிட்டுத் தரும் ரீட் த டாக்ஸ் போன்ற சேவைகளில் இது ஆயத்தமாகவே கிடைக்கிறது.

அதையும் செய்தாயிற்று, இன்னும் வரவில்லையா? புல் ரிக்வெஸ்ட் வரிசையைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே வந்த ஆவணத் திருத்தங்கள் நிரல் மதிப்பாய்வாளருக்காகக் காத்துக் கிடக்கும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். விக்கியில் "சேமி" அழுத்தியவுடன் தன் வரி தெரிகிறது. கையேட்டில் ஒரு காற்புள்ளிக்கு மாதக்கணக்கில் மௌனம். ஆவண அடைவுக்கு மட்டும் மெர்ஜ் உரிமையை, நிரல் எழுதாத இருவருக்குக் கொடுங்கள். தப்பாக மெர்ஜ் ஆனால் திரும்ப எடுத்துவிடலாம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் அதற்குத்தானே இருக்கிறது.

ஒரே விஷயத்துக்கு விக்கியில் மூன்று பக்கங்கள், மூன்றும் வேறுவேறு சொல்கின்றன

உங்கள் விக்கி ஓடுவது மீடியாவிக்கியில் (விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருள்) என்றால் சிறப்புப் பக்கங்களில் தொடங்குங்கள். உறவிலிப் பக்கங்கள், வேண்டிய பக்கங்கள் (இணைப்பு இருந்தும் எழுதப்படாதவை), நீண்ட நாள் தொடப்படாத பக்கங்கள் ஆகிய மூன்று பட்டியல்களும் அநேகமாக முழு நோயையும் காட்டிவிடும். எங்கிருந்தும் இணைப்பு இல்லாத உறவிலிப் பக்கம்தான் இரட்டைப் பக்கத்துக்குத் தாய். இருப்பது தெரியாததால் இன்னொருவர் புதிதாக எழுதியிருப்பார்.

மூன்றில் நல்லதைத் தேர்ந்து, மற்றவற்றில் உள்ள பயனுள்ள வரிகளை அதில் சேர்த்து, மற்றவற்றை வழிமாற்றாக்குங்கள் (திறந்தால் தானாக நல்ல பக்கத்துக்குப் போகும்படி). அழிக்காதீர்கள்; வெளித்தளங்களில் இருக்கும் பழைய இணைப்புகள் அங்கேதான் வந்து சேரும். முடித்ததும் இரட்டை வழிமாற்றுகள் பட்டியலையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் மீடியாவிக்கி ஒரு வழிமாற்றைத்தான் பின்தொடரும், இரண்டாவதில் வாசகர் நடுவழியில் நின்றுவிடுவார்.

இது ஒருமுறை செய்து விடக்கூடிய வேலை இல்லை. அண்மைய மாற்றங்களை யாராவது தினமும் பார்க்க வேண்டும். யார் என்று பெயர் சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கு விக்கி கட்டுப்படியாகாது. "யார் வேண்டுமானாலும் திருத்தலாம்" என்பது பராமரிப்பு ஏற்பாடு ஆகாது. ஆர்ச் விக்கியில் பராமரிப்புக்கென்றே குழு இருக்கிறது. காலாவதியானது, துல்லியம் சந்தேகத்துக்குரியது என்று குறிக்கத் தனித்தனி வார்ப்புருக்கள் இருக்கின்றன. குறி போடுபவர் ஏன் என்றும் எழுத வேண்டும். காரணம் எழுதாத "காலாவதி" பலகை வருடக்கணக்கில் தொங்கும். அதை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்றே எவருக்கும் தெரியாது.

விக்கி முழுக்க விளம்பரக் குப்பை

புதுக் கணக்குகள் உடனே பக்கம் உருவாக்க முடியாதபடி உரிமையைக் குறையுங்கள். கணக்குத் திறக்கும்போது உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு மட்டும் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். மீடியாவிக்கியின் கன்ஃபர்ம்எடிட் நீட்சியில் அதற்கு வழி இருக்கிறது. வளைந்த எழுத்துப் படங்களைவிட இது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே சேர்ந்த குப்பையை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். ஒரே கணக்கு அண்மையில் உருவாக்கிய பக்கங்களை மொத்தமாக அழிக்க நியூக் நீட்சி இருக்கிறது.

தேடினால் பழைய பக்கம் வருகிறது, அல்லது எதுவுமே வரவில்லை

பழைய பக்கம் முதலில் வருவது பதிப்பு வாரிக் கையேடுகளின் பக்கவிளைவு. பத்தாண்டாக எல்லோரும் இணைப்புக் கொடுத்தது அந்தப் பழைய முகவரிக்கு, தேடுபொறி அதைத்தான் பெரிதாக நினைக்கும். பழைய பதிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் கேனானிக்கல் குறிச்சொல் (எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) வழியாகப் புதிய பதிப்பின் அதே பக்கத்தைச் சுட்டுங்கள். தலையில் "இது பழைய பதிப்பு, புதியது இங்கே" என்ற பட்டையும் வையுங்கள். பட்டை முகப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. அதே தலைப்பின் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும்.

எதுவுமே வரவில்லை என்றால், ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் தரும் விக்கியை வைத்திருக்கிறீர்களா? ரெப்போவுக்கு 500 நட்சத்திரங்கள் (பயனர்கள் இடும் விருப்பக்குறி) இருந்து, பொதுமக்கள் திருத்த முடியாதபடி விக்கியைப் பூட்டியும் வைத்திருந்தால்தான் தேடுபொறிகள் அதைச் சேர்த்துக்கொள்ளும் என்று கிட்ஹப்பே சொல்கிறது. அதாவது சிறிய திட்டம் ஒன்று யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்த விக்கி தேடலில் கிடைக்காது. போதாக்குறைக்கு அந்த விக்கிக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பவும் வழியில்லை. விக்கியின் திறந்தவெளியும் கிடைக்காமல், கையேட்டின் மதிப்பாய்வும் கிடைக்காமல் நடுவில் நிற்கும் ஏற்பாடு அது. உள்ளே அது ஒரு சாதாரண கிட் ரெப்போதான் என்பதால், குளோன் செய்து மார்க்டவுன் கோப்புகளை உங்கள் டாக்ஸ் அடைவுக்குள் கொண்டுவருவது அரை நாள் வேலை.

திரைப்பிடிப்புகள் எல்லாம் பழைய முகம்

பாதியை எடுத்துவிடுங்கள். பொத்தானின் பெயரைச் சொன்னாலே புரியும் இடத்தில் படம் தேவையில்லை. மீதியைத் தானியங்கிச் சோதனைக் கருவியால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிதாக எடுக்க முடிந்தால் நல்லது.

மொழிபெயர்ப்பில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்

வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். மூல வாக்கியம் மாறியதும் பழைய மொழிபெயர்ப்பு "ஃபஸ்ஸி" என்று குறிக்கப்படும். அந்த வரிகளை மொழிபெயர்ப்பாளர் பார்த்து உறுதிசெய்யும் வரை, கட்டும்போது அவை விடப்பட்டு ஆங்கிலமே வரும். தப்பான தமிழைவிடச் சரியான ஆங்கிலம் மேல் என்ற முடிவு அது. எனக்குச் சம்மதமே. கவனிக்க வேண்டியது, மூலத்தில் வெறும் அழகுக்காக வாக்கியங்களை மாற்றி எழுதும் ஆள் யார் என்பது. அவர் ஒரு மாலையில் செய்வது பதினைந்து மொழிக்காரர்களின் வேலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வெளியீட்டுக்கு முன் ஒரு தேதி குறித்து, அதற்குப் பின் எழுத்துப்பிழை தவிர வேறு தொடக்கூடாது என்று வையுங்கள்.

விக்கியில் மொழிவாரியாகத் தனிப் பக்கம் எழுதியிருந்தால் நிலைமை மோசம்: மூலம் மாறியதே மொழிபெயர்த்தவருக்குத் தெரியாது. மீடியாவிக்கியின் டிரான்ஸ்லேட் நீட்சி பக்கத்தைத் துண்டுகளாகப் பிரித்து, காலாவதியான துண்டுகளைத் தனி நிறத்தில் காட்டும். பன்மொழி விக்கி வைப்பதென்றால் அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இடம் மாற்றியே ஆக வேண்டும்

இரு திசையிலும் போனவர்கள் உண்டு. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் கையேடு விக்கியிலிருந்து ஸ்பிங்ஸுக்கு வந்தது. ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கல் தன் எக்ஸ்எம்எல் கையேடுகளை விக்கிக்குக் கொண்டுபோனது. எந்தத் திசையானாலும் முதல் தடை உரிமம். விக்கி உள்ளடக்கத்தின் உரிமை எழுதிய ஒவ்வொருவருடையது; நீங்களாக உரிமத்தை மாற்ற முடியாது. ஆவணங்களுக்கென்று எழுதிய க்னூ எஃப்டிஎல் உரிமத்தில் மாற்றக்கூடாத பகுதிகள் வைத்திருந்தால், அந்த ஆவணம் கட்டற்றதாகாது என்று டெபியன் 2006-ல் வாக்கெடுத்து முடிவு செய்தது. அப்படிப்பட்டதை நிரலோடு ஒரே பொதியில் போட்டால் வழங்கல்காரர்களிடமிருந்து வழுவறிக்கை வரும்.

பாண்டாக் என்ற வடிவமாற்றுக் கருவி பக்கங்களை மாற்றித் தரும், வார்ப்புருக்களை விரித்துத் தராது. அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பக்க வரலாற்றிலிருந்து எடுத்துத் தனிக் கோப்பாகச் சேருங்கள். எல்லாப் பக்கத்தையும் கொண்டுபோகாதீர்கள்: அணுகல் பதிவைப் பார்த்து, ஆள் வரும் பக்கங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பழைய முகவரிகளிலிருந்து நிரந்தர வழிமாற்று, பழைய விக்கி வாசிக்க மட்டும். இரண்டையும் திருத்தக்கூடியதாக விட்டால், ஆறு மாதத்தில் ஒரே மென்பொருளுக்கு இரண்டு உண்மைகள் இருக்கும்.

விக்கியே காணோம்

நடந்திருக்கிறது. 2008-ல் ஜென்டூ பயனர்கள் நம்பியிருந்த, அதிகாரபூர்வமற்ற விக்கி ஒன்று தரவுத்தளத்தோடு போய்விட்டது. ஒழுங்கான காப்புப் பிரதி இல்லை. இப்படி ஆனால் முதலில் இணைய ஆவணக்காப்பகத்தில் தேடுங்கள், பிறகு பயனர்களின் கணினிகளில் சேமித்த பிரதிகளைக் கேளுங்கள். கிடைப்பது எச்டிஎம்எல்லாகத்தான் இருக்கும், விக்கி மூலமும் வரலாறும் திரும்பாது.

இன்னும் போகவில்லை என்றால் இன்றைக்கே செய்ய வேண்டியது: மீடியாவிக்கியின் டம்ப்பேக்கப் ஸ்கிரிப்டை முழு வரலாற்றோடு ஓட்டி, வாரம் ஒருமுறை வேறொரு சேவையகத்துக்கு அனுப்புங்கள். அந்த எக்ஸ்எம்எல்லில் படங்களும் பயனர் கணக்குகளும் வராது. படங்களின் அடைவையும் தரவுத்தளத்தையும் தனியே எடுக்க வேண்டும். எடுத்ததைக் காலியான இன்னொரு விக்கியில் ஏற்றி, படம் உள்ள ஒரு பக்கம், வார்ப்புரு உள்ள ஒரு பக்கம், தமிழ்த் தலைப்புள்ள ஒரு பக்கம் மூன்றும் சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள்.